பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு ரோல் பார் போடுறது: திரும்பத் திரும்ப கேக்குற கேள்விகள்

என்கிட்ட ஒரு எம்ஜிபி இருக்கு, ரெண்டு சீட்டு, மேல கூரை இல்லாத வண்டி. அதுக்கு ரெண்டு தடவை ரோல் பார் போட்டாச்சு. ரெண்டு தடவைன்னா மொத தடவை போட்டது தப்புன்னு அர்த்தம், அதை மறைக்க ஒண்ணும் இல்ல. அப்பறம் பழைய கார் வச்சிருக்கிற பத்து பேராவது இதையே கேட்டுட்டாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி வாய் வலிக்குது, அதனால எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதி வச்சிடுறேன்.

ரோல் பார், ரோல் கேஜ், ஸ்டைல் பார், இதெல்லாம் ஒண்ணுதானே?

இல்லங்க. ரோல் பார்னா வண்டி கவுந்தா தலையைக் காப்பாத்த, டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி தலைகீழ் யூ மாதிரி நிக்குற ஒரு வளைவு (அதுக்கு மெயின் ஹூப்னு பேரு), அதைப் பின்பக்கமா தாங்குற ரெண்டு பின்கால், நடுவுல ஒரு மூலையில இருந்து எதிர் மூலைக்கு சாய்வா போற ஒரு குழாய் (அதுக்கு டயகோனல்னு பேரு). கேஜ்னா இதுவே முன்னாடி வரைக்கும் போயி கண்ணாடித் தூண், கதவுப் பக்கம் எல்லாம் சுத்தி ஒரு கூண்டா ஆயிடும். ஸ்டைல் பார்னா பாக்க நல்லாருக்கும், அவ்ளோதான். ரெண்டு சின்ன வளையம், பளபளன்னு பாலிஷ், பின்கால் கெடையாது, அடியில உள்ளங்கை அளவு தகடு. நான் மொதல்ல வாங்கிப் போட்டது அதுதான். வண்டி உருண்டா அது முன்னாடியோ பின்னாடியோ மடங்கி உக்காரும், சில நேரம் உங்க மேலயே உக்காரும்.

கம்பெனியே குடுக்கல, அப்ப அது தேவையில்லன்னுதானே அர்த்தம்?

அந்தக் காலத்துல குடுக்கலன்னா தேவையில்லன்னு இல்ல, யாரும் கேக்கல, சட்டமும் கேக்கல. எம்ஜிபி வந்தது 1962ல. மூணே வருஷத்துல, 1965ல, போர்ஷே 911 டார்காவைக் காட்டுனப்போ அதுல சீட்டுக்குப் பின்னாடி அகலமா ஒரு நிலையான வளைவு வச்சிருந்தாங்க, அது பாதுகாப்புக்குத்தான். 1989ல வந்த மெர்சிடிஸ் எஸ்எல்ல பாருங்க, பார் சீட்டுக்குப் பின்னாடி படுத்தே இருக்கும், வண்டி கவிழப் போகுதுன்னு சென்சாருக்குத் தெரிஞ்சா கண் இமைக்கிற நேரத்துல நிமிந்து நிக்கும். அப்ப பிரச்சனை இருக்குன்னு அவங்களுக்கும் தெரியும். நம்ம பழைய வண்டியில தலைக்கு மேல இருக்குறது துணியும் காத்தும்தான்.

ரெடிமேடா கிடைக்குதே, எதுக்கு கஸ்டமா செய்யணும்?

உங்க மாடலுக்கு நல்ல கம்பெனி செஞ்ச, பின்கால் டயகோனல் எல்லாம் இருக்கிற பார் கிடைச்சா கண்ணை மூடிட்டு அதை வாங்குங்க. கஸ்டம் எப்ப வேணும்னா, அபூர்வமான மாடலா இருக்கணும், இல்ல நீங்க ரொம்ப உயரமா இருக்கணும், இல்ல சீட்டை மாத்தியிருக்கணும், இல்ல முன்னாடி யாரோ ஃப்ளோரை வெட்டி ஒட்டி ஒரிஜினல் அளவே இல்லாம பண்ணி வச்சிருக்கணும். எனக்கு உயரமும் ஃப்ளோரும் ரெண்டும் சேந்து வந்துச்சு.

என்ன குழாய் வாங்கணும்? தண்ணிக் குழாய் நல்லா தடியாத்தானே இருக்கு?

தண்ணிக் குழாய் வேண்டாம், வேண்டவே வேண்டாம். அது உள்ள ஓடுற தண்ணியோட அழுத்தத்துக்கு செஞ்சது, வளைக்கிறதுக்கும் அடி வாங்குறதுக்கும் செஞ்சது இல்ல. ஜிங்க் பூசுனதா இருந்தா வெல்டு வைக்கும்போது வர்ற வெள்ளைப் புகை காய்ச்சலே குடுத்துரும், வெல்டும் ஓட்டை ஓட்டையா வரும்.

எஃப்ஐஏ (உலக அளவுல கார் ரேஸுக்கு விதி போடுற அமைப்பு) சொல்ற அளவை ஒரு அடிப்படையா வச்சுக்கலாம், ரேஸுக்குப் போகாட்டியும். இழுத்து நீட்டுன, தையல் (நீளவாக்குல போற வெல்டு கோடு) இல்லாத கார்பன் ஸ்டீல் குழாய், இழுவிசை பலம் குறைஞ்சது 350 நியூட்டன் ஒரு சதுர மிமீக்கு. மெயின் ஹூப்புக்கு 45 மிமீ விட்டம் 2.5 மிமீ கனம், இல்லன்னா 50க்கு 2. பின்காலும் டயகோனலும் 38க்கு 2.5, இல்லன்னா 40க்கு 2. சில நாட்டு கிளப் விதிகள்ல டிஓஎம்னு ஒண்ணை ஏத்துக்குவாங்க, அது தகட்டைச் சுருட்டி வெல்டு பண்ணி அப்பறம் உள்ள ஒரு கம்பியை விட்டு இழுத்த குழாய், தையல் பேருக்குத்தான் இருக்கும், நல்ல சரக்குதான். ஆனா வெறும் தையல் குழாய், ஃபர்னிச்சருக்குப் போடுறாங்களே, அது சேராது. கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான் சார்"னு சொன்னா குழாயோட வாய்க்குள்ள விரலை விட்டுத் தடவிப் பாருங்க, உள்பக்கம் ஒரு கோடு மேடா தட்டுப்பட்டா அது வெறும் தையல் குழாய்தான்.

குரோமோலி (குரோமியம், மாலிப்டினம் கலந்த ஸ்டீல்) போட்டா லேசா இருக்குமாமே?

அதே கனத்துல போட்டா லேசாவே இருக்காது, ரெண்டும் ஸ்டீல்தான், எடை ஒண்ணுதான். பலம் அதிகம்ங்கிறதால மெலிசான குழாய் போடலாம், அங்கதான் எடை குறையும். ஆனா அதை டிக் வெல்டிங்ல நிதானமா, சரியான ஃபில்லர் கம்பி வச்சு செய்யணும், தண்ணியோ ஈரத்துணியோ வச்சு ஆத்தக் கூடாது, ஆத்துனா வெல்டு ஓரத்துல கண்ணாடி மாதிரி உடையும் தன்மை வந்துரும். தெருவுல ஓட்டுற காருக்கு சாதா கார்பன் ஸ்டீல் போதும். தப்பு பண்ணாலும் கொஞ்சம் மன்னிக்கும்.

உயரம் எவ்ளோ வைக்கிறது?

கண்ணால பாத்து முடிவு பண்ணாதீங்க. ஹெல்மெட் போட்டு, பெல்ட் போட்டு, நீங்க எப்பவும் உக்கார்ற மாதிரி உக்காருங்க, ஃபோட்டோவுக்கு உக்கார்ற மாதிரி நிமிர வேண்டாம், சாயவும் வேண்டாம். இன்னொருத்தர் ஒரு நேரான குச்சி, தொடைப்பக் கட்டை இருந்தாலும் சரி, ஒரு முனையை ஹூப் வரப்போற எடத்துலயும் இன்னொரு முனையை முன்கண்ணாடி ஃப்ரேம் மேலயும் வச்சுப் பிடிக்கணும். வண்டி கவுந்தா தரை அந்தக் குச்சி இருக்கிற கோட்டுலதான் வந்து நிக்கும். உங்க ஹெல்மெட் அதுக்குக் கீழ இருக்கணும். ஹூப்போட உச்சி ஹெல்மெட்டை விட 50 மிமீயாவது மேல இருந்தா நல்லது. முன்கண்ணாடி ஃப்ரேம் பல பழைய வண்டியில அலுமினியம்தான், அது நிக்காதுங்கிறதையும் மனசுல வச்சுக்கங்க, அதனால குச்சிக்கும் தலைக்கும் நடுவுல எடம் எவ்ளோ கூட கிடைக்குதோ அவ்ளோ லாபம்.

எனக்கு குச்சி வச்சப்போ ஹெல்மெட் 20 மிமீ மேல நின்னுச்சு. உடனே பாரை உசத்துவோம்னு கெளம்பிட்டேன். அப்பறம்தான் தோணுச்சு, தலையைக் கீழ எறக்கலாமேன்னு. எம்ஜிபில சீட்டு ரெயிலுக்கு அடியில மரக்கட்டை பட்டி வச்சிருப்பாங்க, அதை மெலிசாக்கி சீட்டு ஃபோமையும் கொஞ்சம் கொறைச்சதுல 35 மிமீ எறங்கிருச்சு. பாரை உசத்துறதுக்கு முன்னாடி சீட்டைப் பாருங்க, உசந்த பார் பாக்கவும் அசிங்கம், ஹூட்டும் (மேல இழுத்து மூடுற துணிக் கூரை) மூடாது.

வளைக்கிறதுக்கு அளவு எப்படி எடுக்கிறது?

மொதல்ல 6 மிமீ கம்பியை கையால வளைச்சு வண்டிக்குள்ள நிறுத்திப் பாருங்க, ஒரு சாயங்காலம் போகும் ஆனா ரெண்டு குழாய் மிச்சமாகும். கதவு, சீட்டு பின்னாடி தள்ளுற தூரம், ஹூட் மடங்குற கம்பி, பெல்ட் சுருள், எல்லாத்தையும் அசைச்சு அசைச்சுப் பாருங்க.

அடுத்தது கணக்கு. வளைவோட ஆரம், குழாயோட நடுக்கோட்டுல இருந்து, விட்டத்துல மூணு மடங்காவது இருக்கணும். 45 குழாய்க்கு 135. ஒரு 90 டிகிரி வளைவுக்கு மூலை வரைக்கும் நேரா போயிருந்தா 270 மிமீ செலவாகும், வளைஞ்சு போனா 212தான். அதாவது ஒவ்வொரு வளைவுக்கும் 58 மிமீ மிச்சம். நடுக்கோட்டுல 1100 அகலம், 950 உயரம், கால் ரெண்டும் நேரா நிக்குற ஹூப்னா 3000ல இருந்து 116 போக 2884. வெட்டும்போது 3.2 மீட்டரா வெட்டுங்க, மிஞ்சுனதைக் கீழ அறுத்துக்கலாம், பத்தாததை ஒட்ட முடியாது. மெயின் ஹூப் ஒரே குழாயா, நடுவுல ஒட்டு இல்லாம இருக்கணும். இன்னொண்ணு, குழாயை மெஷின்ல இருந்து விட்டதும் ரெண்டு மூணு டிகிரி திரும்ப விரியும், அதனால ஒரு துண்டுக் குழாயில மொதல்ல வளைச்சுப் பாத்து அந்த மெஷினுக்கு எவ்ளோ கூட வளைக்கணும்னு தெரிஞ்சுக்கங்க.

பிளம்பர் வச்சிருக்கிற பென்டர்ல வளைக்கலாமா?

அது நடுவுல மட்டும் குத்தி வளைக்கும், உள்பக்கம் சுருங்கி வெளிப்பக்கம் சப்பையாயிடும். சப்பையான குழாய்க்கு வளையிற எடத்துலயே பலம் போயிடும், அடி வர்றதும் அந்த எடத்துலதான். கேலிப்பர் வச்சு வளைவோட நடுவுல ரெண்டு பக்கமும் அளங்க, சின்ன அளவைப் பெரிய அளவால வகுத்தா 0.9க்குக் கீழ வரக் கூடாது. 45 குழாய் ஒரு பக்கம் 46 இன்னொரு பக்கம் 43ன்னா பரவாயில்ல, 40ன்னா தூக்கிப் போட்டுருங்க. டை வச்சு இழுத்து வளைக்கிற மெஷின், முடிஞ்சா உள்ள மாண்ட்ரல் (குழாய் சப்பையாகாம உள்ளுக்குள்ள இருந்து தாங்குற உருளை) போடுறது, அது இருக்கிற பட்டறைக்குப் போங்க. மணலை அடைச்சு சூடு காட்டி வளைக்கிறேன்னு சொல்றவங்க கிட்ட இருந்து கும்பிடு போட்டுக் கெளம்பிருங்க.

டயகோனல் கட்டாயமா? பின்னாடி பாக்க மறைக்குது.

நாலு குச்சியை எடுத்து மூலைகள்ல நூலால கட்டி ஒரு சதுரம் பண்ணி பக்கவாட்டுல ஒரு தட்டு தட்டுங்க. சாஞ்சிரும். இப்ப குறுக்க ஒரு குச்சியைக் கட்டிட்டுத் தட்டுங்க. அவ்ளோதான் பதில். வண்டி உருளும்போது நேரா தலைகீழா விழறதில்ல, பக்கவாட்டுல இடிச்சுக்கிட்டே உருளுது, ஹூப்பைப் பக்கமா சாய விடாம பிடிக்கிறது டயகோனல்தான். மேல் முனை டிரைவர் தலைக்குப் பின்னாடி இருக்கிற மூலையில வரணும், கீழ் முனை எதிர்ப்பக்கம். கண்ணாடியில மறைக்கிறது ரெண்டு வாரத்துல பழகிரும்.

பின்கால் ரெண்டும் ஹூப்போட மேல் வளைவுக்குப் பக்கத்துலயே ஆரம்பிக்கணும், வளையாம நேரா போகணும், செங்குத்துல இருந்து 30 டிகிரியாவது சாஞ்சிருக்கணும். கிட்டத்தட்ட நேரா நிக்குற பின்கால் ஹூப்பைத் தாங்காது, பக்கத்துல நின்னு வேடிக்கை பாக்கும்.

கால் எங்க ஊணணும்?

எல்லாரும் குழாயைப் பத்தியே கேக்குறாங்க, நான் இதைத்தான் மொதல்ல கேட்டிருக்கணும். எவ்ளோ நல்ல குழாய் போட்டாலும் அது நிக்குறது ஒரு மிமீ கனம் கூட இருக்குமாங்கிற தகரத்து மேல. வண்டியோட மொத்த எடையும் அந்த 45 மிமீ வட்டத்து வழியா ஃப்ளோருக்கு வந்தா ஊசி துணியில இறங்குற மாதிரி இறங்கிரும், பார் அப்படியே முழுசா இருக்கும், உயரம்தான் இருக்காது.

மொத பாரைக் கழட்டுனப்போ நான் பாத்தது இது. கார்ப்பெட்டைத் தூக்குனேன், தகடு நல்லாத்தான் இருந்துச்சு. தகட்டை எடுத்தா அடியில ஃப்ளோர் கிண்ணம் மாதிரி லேசா குழிஞ்சிருக்கு, தகட்டோட நாலு மூலையில ரெண்டு மூலையில இருந்து தலைமுடி கனத்துக்கு விரிசல் கெளம்பி ஒரு விரல் நீளத்துக்குப் போயிருக்கு. வண்டி ஒருநாளும் உருளல. சும்மா ரோட்டுல ஓடுன ஆட்டத்துக்கே ரெண்டு வருஷத்துல அந்த கதி. அடியில போல்ட்டுக்கு வெறும் வாஷர்தான் போட்டிருந்தேன், ஒரு வாஷர் பாதி உள்ள போயிருந்துச்சு.

அதனால, எஃப்ஐஏ கணக்குப்படி, மெயின் ஹூப்போட ஒவ்வொரு காலுக்கும் அடியில 3 மிமீ கனத்துல 120 சதுர செமீ பரப்புக்கு ஒரு தகடு, பாடியோட வெல்டு பண்ணது, அதுக்கு மேல கால் தகடு மூணு போல்ட்டாவது போட்டு. பின்காலுக்கு 60 சதுர செமீ, ரெண்டு போல்ட். 120ன்னா 10க்கு 12, ஒரு மொபைல் ஃபோனை விட அகலம், அவ்ளோதான், பெரிசா ஒண்ணும் இல்ல. மூலைகளை வட்டமா கிரைண்ட் பண்ணுங்க, கூர் மூலையில இருந்துதான் விரிசல் ஆரம்பிக்கும். முடிஞ்சா தகட்டை எல் மாதிரி மடிச்சு ஒரு பக்கம் ஃப்ளோர்லயும் இன்னொரு பக்கம் உள் சில் (கதவுக்குக் கீழ நீளமா ஓடுற பெட்டி மாதிரி பகுதி) சுவர்லயும் உக்கார வைங்க. தட்டையான ஃப்ளோர் நடுவுல ஊணுறதும், சில் ஓரத்துல ரெண்டு சுவர் சேர்ற மூலையில ஊணுறதும் ஒண்ணில்ல, மூலைதான் பலம். பின்காலுக்கு வீல் ஆர்ச் மேல் பக்கம் நல்ல எடம், அது இயல்பாவே வளைஞ்சு கெட்டியா இருக்கும்.

இதுக்கெல்லாம் முன்னாடி துரு. மேல பெயிண்ட் அழகா இருக்கும், அடியில தார் பூசியிருப்பாங்க, நடுவுல தகரமே இருக்காது. ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவரை எடுத்து சில், ஃப்ளோர் ஓரம், வீல் ஆர்ச் அடி எல்லா எடத்துலயும் குத்திப் பாருங்க, மனசு வலிச்சாலும் குத்துங்க. சத்தம் டிங்னு வரணும், டப்புனு வந்தா சந்தேகம், உள்ள போயிருச்சுன்னா ரோல் பார் வேலையை மூட்டை கட்டி வச்சிட்டு டிங்கரிங் வேலையை ஆரம்பிங்க.

தனி சாஸி இருக்கிற கார், ஃபைபர் பாடி கார், இதுக்கெல்லாம்?

டிரையம்ஃப் டிஆர்6 மாதிரி வண்டியில பாடி தனி, சாஸி தனி, நடுவுல போல்ட். பாரை பாடில மட்டும் நிறுத்துனா அந்த போல்ட்டுகளை நம்பிதான் எல்லாமே, அதனால கால் ஃப்ளோரைத் தாண்டி சாஸிக்குப் போகுற மாதிரியோ இல்ல சாஸியில இருந்து ஒரு பிராக்கெட் மேல வர்ற மாதிரியோ செய்யணும். லோட்டஸ் எலானை எடுத்துக்கிட்டா நடுவுல ஸ்டீல் முதுகெலும்பு, சுத்தி ஃபைபர் கிளாஸ். ஃபைபர்ல தகடு வச்சு நாலு போல்ட் போட்டா கோழி முட்டை மேல குடை நட்ட மாதிரி. அந்த மாதிரி வண்டிக்கு அந்த மாடலையே பல வருஷமா செஞ்சவங்க கிட்டதான் போகணும், நான் வாயைத் திறக்க மாட்டேன்.

போல்ட் போடுறதா, வெல்டு பண்றதா?

கழட்டணும்னு ஒருநாள் தோணும்னா போல்ட். ரேஸ் மட்டும்தான்னா வெல்டு. நான் நடுவுல ஒரு வழி போனேன், அடித் தகடு பாடியோட வெல்டு, பார் அதுல போல்ட். கழட்டுனா கார்ப்பெட்டுக்கு அடியில நாலு தகடு இருக்கும், யாருக்கும் தெரியாது.

போல்ட் 8.8 கிரேடுக்குக் கொறையக் கூடாது, தலையிலயே அடிச்சிருக்கும், பாருங்க, எண்ணே இல்லாத போல்ட்டைக் கதவு கீலுக்கு வச்சுக்கங்க. எம்8 (8 மிமீ போல்ட்) குறைஞ்சபட்சம், நான் எம்10 போட்டேன். டார்க் (முடுக்குற முறுக்கு விசை) எம்8க்கு சுமார் 25 நியூட்டன் மீட்டர், எம்10க்கு சுமார் 50. நைலான் நட். தகரத்துல நேரா ஸ்க்ரூ முடுக்குறதோ, ரிவெட் நட்டோ கிடையவே கிடையாது. முந்நூறு நானூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு ஒரு தடவை டார்க் ரெஞ்ச் வச்சுப் பாருங்க, தகடுகளுக்கு நடுவுல இருக்கிற பெயிண்டும் சீலரும் அமுங்கி கண்டிப்பா ஒண்ணு ரெண்டு இளகியிருக்கும்.

துளை போடும்போது கவனிக்க ஏதாவது?

அடியில என்ன இருக்குன்னு பாத்துட்டு போடுங்க. கேக்க சின்னப்புள்ளத்தனமா இருக்கும். எம்ஜிபில சீட்டுக்குப் பின்னாடி இருக்கிற தட்டுக்கு அடியிலதான் பேட்டரி, பூட் (டிக்கி) ஃப்ளோருக்கு அடியில பெட்ரோல் டேங்க். பிரேக் லைன், பெட்ரோல் லைன், வயர் எல்லாம் டன்னல் (ஃப்ளோர் நடுவுல நீளமா போற மேடு) ஓரமா ஓடும். டிரில் பிட்டுல ஒரு டேப் சுத்தி 10 மிமீக்கு மேல உள்ள போகாத மாதிரி பண்ணிக்கங்க. துளை போட்டதும் ஓரத்துக்கு பெயிண்ட், போல்ட் போடும்போது சீலர், இல்லன்னா அடுத்த மழைக்கு அங்க இருந்துதான் துரு ஆரம்பிக்கும்.

நானே வெல்டு பண்ணலாமா?

அளவு எடுக்கிறது, குழாய் வாயை மீன் வாய் மாதிரி வெட்டுறது, தகடு வெட்டுறது, டேக் (அங்கங்க புள்ளியா வைக்கிற தற்காலிக வெல்டு) அடிக்கிறது, இதெல்லாம் தாராளமா நீங்களே பண்ணுங்க. கடைசி வெல்டு மட்டும் தினமும் அதையே செய்றவர் கிட்ட விடுங்க. மேல பளபளன்னு வரி வரியா இருந்தாலும் அடியில உருகிப் பிடிக்காம சும்மா ஒட்டிக்கிட்டு இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. நான் துண்டுக் குழாய்ல ஒரு டி ஜாயிண்ட் வெல்டு பண்ணி வைஸ்ல வச்சு சுத்தியால அடிச்சுப் பாத்தேன், குழாய் வளைஞ்சிருக்கணும், ஆனா வெல்டு ஒரு பக்கமா உரிஞ்சு வந்துருச்சு. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்.

ரெண்டு குழாய் சேர்ற எடத்துல ஹோல் சா வச்சு வெட்டுனா வாய் அழகா உக்காரும், வெளிச்சம் தெரியிற இடைவெளி இருந்தா திரும்ப வெட்டுங்க, வெல்டை வச்சு நிரப்பாதீங்க. ஒவ்வொரு ஜாயிண்டும் முழு வட்டமும் வெல்டு ஆகணும். வண்டிக்குள்ள பின்பக்கம் கை போகலன்னா டேக் மட்டும் அடிச்சு வெளிய தூக்கி முடிக்கணும், திறந்த காருக்கு இதுல கொடுப்பினை, கூரை இல்ல, நேரா தூக்கிரலாம்.

தகடு வெல்டு பண்ணும்போது வண்டி நாலு டயர்ல நிக்கட்டும், கதவு ரெண்டும் மாட்டி சாத்தியிருக்கட்டும். கூரை இல்லாத வண்டி சூட்டுக்குக் கொஞ்சம் வளைஞ்சாலும் கதவு இடைவெளி மாறிரும், அப்பறம் கதவு சாத்தாது. நடுநடுவுல இடைவெளியைப் பாத்துட்டு, இந்தப் பக்கம் ரெண்டு செமீ, அந்தப் பக்கம் ரெண்டு செமீன்னு மாத்தி மாத்தி வைங்க.

தீ பிடிக்கிற அபாயம் இருக்கா?

இருக்கு, விளையாட்டு இல்ல. பேட்டரியைக் கழட்டி வெளிய வைங்க, ஆல்டர்னேட்டர் வயரையும் பிரிங்க. டேங்க் கிட்டத்துல வேலைன்னா டேங்கை எறக்கிருங்க, காலி டேங்க் நிறைஞ்ச டேங்கை விட ஆபத்து, உள்ள ஆவி இருக்கும். கார்ப்பெட், சீட்டு, ஹூட் துணி எல்லாம் வெளிய. அடியில பூசுன தார் மேல வெல்டு வச்ச உடனே உருகி சொட்டி எரியும், அதைச் சுரண்டிட்டு ஆரம்பிங்க, அடியில ஒருத்தர் தீயணைப்பானோட உக்காரட்டும். வேலை முடிஞ்சதும் ஷட்டரை இழுத்து மூடிட்டு டீ குடிக்கப் போகாதீங்க, அரை மணி நேரம் பக்கத்துலயே இருங்க, சில்லுக்கு உள்ள போன பொறி அப்பறமாத்தான் புகைய ஆரம்பிக்கும்.

தலை பாருல இடிக்குமா?

இடிக்கும். இது யாரும் சொல்றதில்ல. ஹெல்மெட் போடாம ஓட்டுற வண்டியில தலைக்கு ரெண்டு மூணு இன்ச் பின்னாடி ஒரு இரும்புக் குழாய். பின்னாடி இருந்து யாராவது இடிச்சா சீட்டு பின்னாடி வளையும், தலை போய் குழாய்ல மோதும், உருளவே வேண்டாம். அதனால தலைத்தாங்கி இருக்கிற சீட்டு கட்டாயம், தலைக்கும் குழாய்க்கும் எவ்ளோ தூரம் விட முடியுமோ அவ்ளோ விடுங்க, தலை எட்டக்கூடிய எல்லா எடத்துலயும் பேடிங் போடுங்க. ஏசி பைப்புக்கு சுத்துற கருப்பு ஃபோம் இல்ல, விரலால அமுக்குனாலே குழாய் தட்டுப்படும் அது. எஸ்எஃப்ஐ (அமெரிக்க ரேஸ் பாதுகாப்புத் தர அமைப்பு) 45.1 இல்லன்னா எஃப்ஐஏ 8857-2001 தரத்துல வர்ற பேடிங் கல்லு மாதிரி இருக்கும், தொட்டா ஏமாத்திட்டாங்களோன்னு தோணும், ஆனா மண்டை மோதுற வேகத்துக்கு அதுதான் சரி. ஹெல்மெட் இல்லாம ஓட்டுறதா இருந்தா பேடிங் போட்டாலும் முழு நிம்மதி கிடையாது. இந்த ஒரு காரணத்துக்காகவே, சீட்டு பின்னாடி எடமே இல்லாத சின்ன வண்டிக்கு, தெருவுல மட்டும் ஓட்டுறதா இருந்தா, பார் வேண்டாம்னு நான் ரெண்டு பேருக்கு சொல்லியிருக்கேன்.

பெல்ட் பழசே போதுமா?

பெல்ட் இல்லாத வண்டிக்கு ரோல் பார் போட்டு பிரயோஜனம் இல்ல, வண்டி உருளும்போது பார் உள்ள இருக்கும், நீங்க வெளிய கெடப்பீங்க. நல்ல நிலைமையில இருக்கிற மூணு முனை பெல்ட் தெருவுக்குப் போதும். ஹார்னஸ் (ரெண்டு தோளுக்கும் பட்டை இருக்கிற ரேஸ் பெல்ட்) போடுறதா இருந்தா தோள் பட்டை தோளுல இருந்து கிட்டத்தட்ட நேரா பின்னாடி போகணும், 10 டிகிரி சாய்வு நல்லது, 45ஐத் தாண்டவே கூடாது. ஃப்ளோருக்கு இறக்கிக் கட்டுனா மோதும்போது பட்டை தோளைக் கீழ அமுக்கி முதுகெலும்பை நசுக்கும். அதுக்குத்தான் ஹூப்ல தோள் உயரத்துல ஒரு குறுக்குக் குழாய். அதுல போல்ட் வேணும்னா குழாய்ல சும்மா துளை போடாதீங்க, துளையில ஒரு புஷ் விட்டு சுத்தி வெல்டு பண்ணணும், பெல்ட் போல்ட் பெரும்பாலும் 7/16 இன்ச், 20 திரெட் யுஎன்எஃப்.

ஹூட் மூடுமா?

எனக்கு மூடல. கம்பி மாடல் வச்சப்போ ஹூட் ஃப்ரேமை அசைச்சுப் பாத்தேன், துணியை மாட்டிப் பாக்கல. துணி இழுத்துப் பிடிக்கும்போது ஃப்ரேம் இன்னும் 30 மிமீ கீழ எறங்குதுன்னு பார் பெயிண்ட் அடிச்சு மாட்டுனப்பறம்தான் தெரிஞ்சுது. காலை அறுத்து திரும்ப தகடு வெல்டு பண்ணோம், சீட்டை எறக்கியிருந்ததால தலைக்கு எடம் மிஞ்சுச்சு, தப்பிச்சேன்.

எடை எவ்ளோ ஏறும்? மைலேஜ், ஹேண்ட்லிங்?

45க்கு 2.5 குழாய் ஒரு மீட்டர் 2.6 கிலோ, 38க்கு 2.5ன்னா 2.2. மேல சொன்ன ஹூப் ஏழரை கிலோ, பின்கால் ரெண்டு, டயகோனல், தகடு, போல்ட் எல்லாம் சேத்து 16, 17 கிலோவுல நிக்கும். ஸ்டெப்னி டயர் ஒண்ணு கூட ஏத்துன மாதிரி. தெரியாது.

பாடி கெட்டியாகும்னு சிலர் ஆசைப்படுறாங்க. பின்பாதி கொஞ்சம் கெட்டியாகும், ஆனா திறந்த வண்டி முறுக்கிக்கிறது கதவு எடத்துல, ரோல் பார் அந்தப் பக்கமே போறதில்ல. அதுக்கு சில் நல்லா இருக்கணும்.

குரோம் பண்ணலாமா, பவுடர் கோட்டிங்?

குரோம் முலாம் பூசுற ஆசிட் தொட்டியில ஸ்டீலுக்குள்ள ஹைட்ரஜன் ஏறி உடையிற தன்மை வர வாய்ப்பு இருக்கு, பலம் அதிகமான ஸ்டீலுக்கு அந்த பயம் கூட. பவுடர் கோட்டிங் தடியா இருக்கும், அடியில வெல்டு விரிஞ்சா வெளிய காட்டாது. சாதா பெயிண்ட் ரெண்டு கோட்டு. விரிசல் வந்தா பெயிண்ட்டும் விரியும், உரசுனா நீங்களே தொட்டு அடிச்சுக்கலாம்.

இன்சூரன்ஸுக்கு சொல்லணுமா?

சொல்லுங்க. எழுத்துல சொல்லுங்க, வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி. சில நாட்டுல இஞ்சினியர் சான்றிதழோ பதிவுல மாத்தமோ கேப்பாங்க. ரேஸ், ஹில் கிளைம்ப், டிராக் டேன்னு போறவங்க அந்த அமைப்போட விதிப் புத்தகத்தை மொதல்ல வாங்கிப் படிங்க, நான் சொன்ன அளவும் அவங்க அளவும் மாறலாம், செக் பண்றவர் கையில இருக்கிற புத்தகம்தான் சரி.

பழைய பார் ஒண்ணு மலிவா வருது, வாங்கலாமா?

மூணு விஷயம் பாத்துட்டு வாங்குங்க. குழாயோட கனத்தை சும்மா நம்பாதீங்க, பார் முழுசா மூடியிருந்தா வெளிய இருந்து 1.5ஆ 2.5ஆன்னு தெரியாது. சில அமைப்புகள் முக்கியமில்லாத எடத்துல 5 மிமீக்கு ஒரு சின்ன சோதனைத் துளை போடச் சொல்றது இதுக்குத்தான், அதுல கொக்கி மாதிரி வளைச்ச கம்பியை விட்டு அளந்துரலாம். துளை இல்லன்னா அல்ட்ராசோனிக் மீட்டர் வச்சு வளைவோட வெளிப்பக்கத்துல அளங்க, மெலிஞ்சிருக்கிறது அங்கதான். ரெண்டாவது, ஹூப்பைத் தட்டையான தரையில படுக்கப் போடுங்க, நாலு பக்கமும் படியணும், ஒரு மூலை தூக்குனா அது ஏற்கனவே ஒரு வண்டியோட உருண்டு வந்ததா இருக்கலாம். உருண்ட பார் வேலை முடிஞ்ச பார், அதை நிமித்தி பெயிண்ட் அடிச்சு விக்கிறவங்க இருக்காங்க, வளைவுக்குப் பக்கத்துல பெயிண்ட்டுக்கு அடியில சுத்தியல் தடம் தட்டுப்படுதான்னு வெறும் கையால தடவுங்க. மூணாவது கால் தகட்டைத் திருப்பிப் போட்டுப் பாருங்க. வாழை இலை மாதிரி நடுவுல மடிஞ்சிருந்தா விக்கிறவர் என்ன கதை சொன்னாலும் காசை எண்ணாதீங்க.